களத்தில் காய்கிற அளவுக்கே விதை: சிறு தோட்டத்தில் ஒரு வருடச் சாமானைச் சேர்த்து வைக்கும் முறை

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்களுக்கு நான்கு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற தோட்டம் ஒன்றரை ஏக்கர், மானாவாரிக் காடு ஒன்றரை ஏக்கர், மீதி கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கிற கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி. மழை வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருடம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற நாளெல்லாம் வெயிலும் காற்றும்தான்.

அந்த வெயிலை நம்பித்தான் எங்கள் அடுப்படி நடக்கிறது. பருப்பு, புளி, மிளகாய், மல்லி, மஞ்சள், எண்ணெய், வற்றல், வடகம், ஊறுகாய், நெய் இத்தனையும் வீட்டிலேயே ஆகிறது. அரிசி, உப்பு, கடுகு, சீரகம் வாங்குகிறோம். நெல் இந்த மண்ணுக்குப் பயிர் இல்லை, அதற்காகக் கிணற்றை வற்றடிப்பதில் அர்த்தமும் இல்லை.

புதிதாக நிலம் வாங்கி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எதெல்லாம் விளையும்?" என்றுதான். ஆனால் எதை எப்போது, எத்தனை நாளில் காயவைத்து முடிக்க முடியும் என்பதுதான் முதல் கணக்கு. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஆடியில் விதைக் கூடையை எடுக்கும்போதே சொல்வார்: "களத்துல காயற அளவுக்கு வெதை கண்ணு, காடு இருக்குதுன்னு வெதைக்காதே." விளைந்ததைக் காயவைக்க இடமும் கையும் இல்லாமல் பூஞ்சை பிடித்து வாரிக் கொட்டியவர்களுக்கு அது புரியும்.

விதைக்கு முன்னால் கணக்கு

ஒரு தாளில் வீட்டுச் செலவை எழுதுங்கள். எங்கள் ஐந்து பேர் கணக்கு இது. துவரம்பருப்பு மாதம் 3 கிலோ, வருடத்துக்கு 36 கிலோ. வீட்டில் உடைத்தால் 10 கிலோ துவரைக்கு 7 கிலோ பருப்பு தேறும். ஆக 52 கிலோ துவரை வேண்டும். விதைக்கும் உறவுக்காரர்களுக்கும் சேர்த்து 60. புளி 12 கிலோ, வரமிளகாய் 10, மல்லி 8, மஞ்சள் 3. நல்லெண்ணெய் 24 லிட்டர் வேண்டும் என்றால், 10 கிலோ எள்ளுக்குச் செக்கில் 4 லிட்டர் என்று வைத்து, 60 கிலோ எள். கடலெண்ணெய் 36 லிட்டருக்கு 90 கிலோ நிலக்கடலைப் பருப்பு, அதாவது ஓட்டோடு 130 கிலோ காய்.

அடுத்து களத்தைப் பாருங்கள். எங்களுடையது இருபதடிக்கு இருபதடி சிமெண்டுக் களம். அதுபோக மொட்டை மாடி. தானியத்தை ஒரு விரல் கனத்துக்கு மேல் பரப்பினால் அடியில் ஈரம் நிற்கும். இந்தக் கணக்கில் ஒரு சமயத்தில் ஒரு சாமான்தான் களத்தில் இருக்க முடியும். துவரையும் மிளகாயும் ஒரே வாரத்தில் வந்தால் ஒன்று மாடிக்குப் போக வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று வராதபடி விதைப்பை ஓரிரு வாரம் தள்ளிக்கொள்கிறோம். மண் களமாக இருந்தால் சாணி போட்டு மெழுகி இரண்டு நாள் காயவிட்ட பிறகே சாமானைக் கொட்டவும்.

தை, மாசி: துவரை

ஆடியில் விதைத்த துவரை தைக் கடைசியில் அறுப்புக்கு வரும். முக்கால்வாசிக் காய் பழுப்பாக மாறியதும் செடியோடு வெட்டி, ஒரு வாரம் களத்தில் போர் போட்டுக் காயவிட்டு, தடியால் அடித்துத் தூற்றினால் துவரை தனியாகிவிடும். அடித்த செடியின் மிளாரைக் கட்டிக் கொட்டகையில் சாத்துங்கள். மழைக்காலத்து அடுப்புக்கு அதுதான் விறகு.

நாங்கள் முதல் வருடம் செய்த தவறு, துவரையை அப்படியே மூட்டை கட்டி "ஆற அமர உடைக்கலாம்" என்று ஆடி வரை வைத்திருந்தது. மூட்டையை அவிழ்த்தபோது மணிக்கு மணி ஓட்டை. வண்டு கிடங்கில் மட்டும் வந்து ஏறுவதில்லை. காட்டிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடுகிறது, நாம்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். முழு மணியில்தான் அது சுகமாக வாழும்; உடைத்த பருப்பில் அவ்வளவாக வராது. ஆகவே தூற்றிய பத்து நாளுக்குள் உடைத்துவிடுங்கள்.

உடைப்பதற்குச் செம்மண் கட்ட வேண்டும். இதில் அவசரம் ஆகாது, அதனால் நாள் கணக்காகவே சொல்கிறேன்.

மண்ணை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். ஆடு மாடு நடமாடாத இடத்தில் மேல்மண்ணை ஓரடி ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்து, கல் இல்லாமல் மாவு சல்லடையில் சலித்து, வெயிலில் போட்டு வையுங்கள். பூச்சிமருந்து அடித்த நிலத்து மண் கூடாது.

முதல் நாள் காலையில் துவரையை அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மிதக்கிறதெல்லாம் சொத்தை, அள்ளி மாட்டுக்குப் போடலாம். ஆறு மணி நேரம் ஊறினால் தோல் சுருங்கி நலுங்கும். அப்போது வடித்துவிடுங்கள். 10 கிலோ துவரைக்கு ஒரு கிலோ செம்மண்ணைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றி, ஒவ்வொரு மணியும் சிவக்கிற வரை கையால் புரட்டுங்கள். முழங்கை வரை மண் அப்பும், வாசல் முழுக்கப் புதுமழை வாசம் அடிக்கும். அப்புறம் குவித்து, ஈரச் சாக்கால் மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் களத்தில் பரப்புங்கள். மாசி வெயிலில் நான்கு நாள் பிடிக்கும். மணிக்கொரு முறை காலால் சால் போட்டு விடவேண்டும். சாயங்காலம் குவித்து மூடுவது கட்டாயம். மாசிப் பனி ஒரே இரவில் ஒரு நாள் வெயிலைத் தின்றுவிடும். காயப்போட்ட நான்காம் நாள் மதியம் ஒன்றிரண்டு துவரையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று இரண்டாகப் பிளந்தால் காய்ந்தது. பல்லில் அழுந்தினால் இன்னொரு வெயில் வேண்டும்.

காய்ந்ததும் சலித்து மண்ணை எடுத்துவிட்டுத் திருகையில் போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான். வாய் நிறையப் போட்டால் பருப்பு குருணையாகிவிடும். அரைத்ததை முறத்தில் புடைத்தால் தோல் முன்னால் பறக்கும், பருப்பு நடுவில் நிற்கும், உடையாத மணி ஓரத்துக்கு உருண்டு வரும். அதை மறுபடி திருகையில் விடலாம். தோலும் குருணையும் மாட்டுத் தாழிக்கு.

மண் என்ன செய்கிறது? துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவே பசை இருக்கிறது. ஊறும்போது அது இளகும். காயும்போது பருப்பு சுருங்கித் தோலை விட்டு விலகும். மண் பூச்சு ஈரத்தை மணிக்கு மணி ஒரே சீராக இழுத்துக்கொள்கிறது. இப்படி ஆன பருப்பின் நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும், மில் பருப்பைவிட வேக நேரமும் கொஞ்சம் கூடும். அரைமணி ஊறவைத்துப் போட்டால் சரியாகிவிடும். இந்தப் பருப்பில் அரிசியும்பருப்புச் சோறு ஆக்கிச் சாப்பிட்ட பிறகு என் பிள்ளைகள் வேறு பருப்பைக் கேட்டதில்லை.

கடைசியாக, 10 கிலோ பருப்புக்கு 50 மில்லி விளக்கெண்ணெய் பிசறி, ஒரு வெயில் காட்டி, ஆறின பிறகு மூடி இறுக்கமான டின்னில் கொட்டவும். சூட்டோடு கொட்டினால் உள்ளே வியர்த்துவிடும். விதைத் துவரையை ஊறப்போட வேண்டாம். காய்ந்த செம்மண்ணையும் சாம்பலையும் பிசறித் தனிப் பானையில் வையுங்கள்.

மாசி, பங்குனி: புளியும் மஞ்சளும்

புளியமரம் ஒன்று இருந்தால் போதும், காய்க்கிற வருடத்தில் மூன்று வீட்டுக்கு ஆகும். ஓடு உள்ளே கழன்று, குலுக்கினால் கடகடவென்று சத்தம் வந்த பிறகே உலுக்குங்கள். செங்காயாக உலுக்கியது பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும். நீளத் தொரட்டியால் கொம்பை ஆட்டினால் போதும். தடியால் அடித்தால் அடுத்த வருடத்துக் கிளை முறியும்.

மூன்று வெயில் காய்ந்த பழத்தை ஓடு உடைத்து, நாரை உருவி, ஒரு கல்லில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கொட்டை வெளியே குதிக்கும். பங்குனி மதியத்தில் வேப்பமர நிழலில் நான்கு பெண்கள் உட்கார்ந்து தட்டுகிற வேலை இது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலியோடு இரண்டு கிலோ புளியும் கொடுப்பது எங்கள் வழக்கம். தனியாக உட்கார்ந்தால் 12 கிலோவுக்கு ஒரு வாரம் இழுக்கும்.

கொட்டை எடுத்த புளியை மறுபடி ஒரு வெயில் காயவைத்து, மண்பானையில் ஒரு அடுக்குப் புளி, ஒரு கை கல்லுப்பு என்று அழுத்தி நிரப்புங்கள். 10 கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, புளிப்பு அதை அரித்துவிடும். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், வருடம் ஆக ஆகக் கறுக்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. ரசத்துக்குப் புதுசு, புளிக்குழம்புக்குப் பழசு என்று நாங்கள் இரண்டு பானை வைத்திருக்கிறோம். கொட்டையை வறுத்து, ஊறவைத்து, பருத்திக்கொட்டையோடு ஆட்டினால் மாட்டுக்குத் தீவனம்.

மஞ்சள் ஈரோட்டுப் பக்கம் பெரிய பண்ணையம். நமக்கு வேண்டியது தென்னைக்கு நடுவே இரண்டு பாத்திதான். பச்சையாக 15 கிலோ தோண்டினால் காய்ந்து 3 கிலோ நிற்கும். விரல்களை உடைத்து, கழுவி, மூழ்குகிற அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். நுரை கட்டி வாசம் வந்து, ஈர்க்குச்சியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கவேண்டும். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வெயில். ஒடித்தால் உலோகம் தட்டின மாதிரிச் சத்தம் வரும். சாக்குக்குள் போட்டு இரண்டு பேர் இழுத்து உருட்டினால் மேல்தோல் போய்ப் பளிச்சென்று ஆகிவிடும்.

இதே நாட்களில் மிளகாயும் மல்லியும் மாடியில் காயும். மிளகாயைப் பறித்த அன்றே வெயிலில் கொட்டாமல் ஒரு நாள் நிழலில் குவித்து வைத்தால் பச்சையாக இருப்பதும் சிவந்துவிடும். நேரே கொட்டினால் வெள்ளைத் திட்டு விழும்.

சித்திரை: வற்றலும் வடகமும்

சித்திரை வெயிலில் நாலைந்து நாளில் எதுவும் காய்ந்துவிடும். கோடை மழை ஒன்றிரண்டு வரும், மேற்கே கருத்தால் ஓடிப்போய் அள்ள ஆள் வேண்டும்.

சுண்டைக்காயைக் கல்லால் வாய் பிளக்கிற அளவு தட்டி, தண்ணீரில் அலசி விதையைக் கொஞ்சம் போக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவையுங்கள். பகலில் காயை வெயிலுக்கு எடுத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் வற்றுகிற வரை, மூன்று நான்கு நாள், இதேபோல. மோர்மிளகாய்க்கும் இதே முறை. கொத்தவரங்காய்க்கு மோர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் காயவைத்தால் போதும்.

வெங்காய வடகத்துக்கு இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, கால் கிலோ உளுந்தை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசைந்து ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து வெயிலில் வைக்கவும். மாலையில் உதிர்த்து, வடிந்த சாறோடு பிசைந்து, மறுபடி உருட்டவேண்டும். இந்த உதிர்த்து உருட்டுகிற வேலையை மூன்று நாள் விடாமல் செய்தால்தான் உள்ளே ஈரம் தங்காது. நான்காம் நாள் விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுக்கொண்டு கடைசி உருண்டை பிடித்து, முழுக்க உலர்கிற வரை, ஏறக்குறைய ஒரு வாரம், காயவிடுங்கள். ஐப்பசி மழையில் காய்கறி இல்லாத நாளில் இதில் ஒரு உருண்டையை எண்ணெயில் பொரித்துக் குழம்பில் கொட்டினால் தெருமுனைக்கு வாசம் போகும்.

மாவடு பங்குனியிலேயே வந்துவிடும். ஒரு கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு, இரண்டு கரண்டி விளக்கெண்ணெய், அரைத்த கடுகு, மிளகாய், மஞ்சள். காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, வடுவை நன்றாகத் துடைத்து, முதலில் எண்ணெய் புரட்டி, பிறகு உப்புப் போடவும். தினம் இருமுறை ஜாடியைக் குலுக்கினால் ஒரு வாரத்தில் தானே தண்ணீர் விட்டுச் சுருங்கும். உப்பைக் குறைத்துப் போட்டுப் பார்க்கிற ஆசை வேண்டாம், ஒரு ஜாடியே போய்விடும்.

வைகாசி, ஆனி: எள்

மாசியில் விதைத்த எள் வைகாசியில் அறுப்பு. அடிக்காய் மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் நெற்று வெடித்து மண்ணுக்குப் போய்விடும். ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடிக்கும். தூற்றுவதற்கு அது நல்ல காற்று, காயவைப்பதற்கு ஆகாது. எள்ளை வேட்டியில் பரப்பி நான்கு ஓரமும் கல் வைத்தாலும் மண் வந்து படியும். அதனால் செக்குக்குக் கொண்டுபோகிற எள்ளைக் காற்று ஏறுவதற்குள் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

செக்கில் 10 கிலோவுக்கு அரைக் கிலோ கருப்பட்டி சேர்த்து ஆட்டச் சொல்கிறோம். எண்ணெய் பிரியவும் கசப்பு அடங்கவும் அது உதவும். கூடவே நில்லுங்கள், உங்கள் எள்ளுக்கு உங்கள் எண்ணெய்தான் வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி மூன்று வெயில் வைத்தால் கசடு அடியில் இறங்கும். தெளிந்ததை மட்டும் இறுத்து நிரப்புங்கள். எள்ளுப் புண்ணாக்கு மாட்டுக்கு. வேலியோரத்து ஆமணக்கில் எண்ணெய் எடுத்தால், அந்தப் புண்ணாக்கு மட்டும் விஷம். தென்னைக்கு எருவாகப் போடலாம், மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆடி: விதைப்பு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இங்கே பழமொழி மட்டும் இல்லை, அந்த ஒரு மழையை விட்டால் துவரை அந்த வருடம் இல்லை. ஆறு சால் நிலக்கடலை, ஒரு சால் துவரை, ஊடே கொஞ்சம் தட்டைப்பயறு. சுரை, பீர்க்கு, புடலை, அவரையைப் பதினெட்டாம் பெருக்கன்று ஊன்றுகிறோம். விதைக்காக விட்ட சுரையை முற்றிக் காய்ந்ததும் வாயில் துளை போட்டுக் குடைந்தால், அதுவே அடுத்த விதைகளுக்குக் குடுக்கை. சாம்பலோடு கலந்து அதில் அடைத்து, வாயைச் சாணியால் பூசி, அடுப்புப் புகை படுகிற உத்தரத்தில் தொங்கவிடுங்கள். அமுச்சியின் அவரை விதை இன்றும் அப்படித்தான் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்குள் கடலை

வருடத்தில் எனக்குப் பயம் உள்ள மாதங்கள் இவை. ஆடியில் விதைத்த கடலை சரியாக மழைக்குள் பறிப்புக்கு வரும். பறித்த செடியைத் தரையில் போடாமல் காய் மேலே தெரியும்படி கவிழ்த்து, கொட்டகைக்குள் மூங்கில் கட்டி அதன்மேல் அடுக்குங்கள், காற்று கீழேயும் ஓட வேண்டும். வெயில் தலைகாட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் வெளியே எடுக்கவும். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு தனியாக ஆடவேண்டும்.

பூஞ்சை படிந்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பை ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது, ஈரலைக் கெடுக்கும். "மாட்டுக்குப் போடலாமே" என்பார்கள். போடக்கூடாது, அந்த நஞ்சு பாலில் இறங்கும். 130 கிலோவில் 10 கிலோ போனாலும் போகட்டும்.

இந்த மாதங்களில் டின், பானை எல்லாவற்றையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரக்கையை உள்ளே விடக்கூடாது. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் அடித்தால் வடகமும் மிளகாயும் இரண்டு மணி நேரம் வெளியே வந்து போகட்டும்.

மழைக்கு நல்ல பக்கமும் உண்டு. கொரங்காட்டில் புல் தழைத்துவிடும். காங்கேயம் மாடு நேரத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் கறக்கும். ஆனால் பச்சைப்புல் மேய்ந்த பாலின் வெண்ணெய் கோடை வெண்ணெயைவிட மஞ்சளாக இருக்கும். ஒரு கிலோ வெண்ணெய் சேர்ந்ததும், கழுவி, அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் உருக்குங்கள். சடசடப்பு அடங்கி, அடிக்கசடு பொன்னிறமானதும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிடலாம். முக்கால் கிலோவுக்குக் குறையாமல் நெய் நிற்கும். அந்த முறுகின கீரையில் சோற்றைப் போட்டுப் பிசைந்தால் அன்றைக்குக் குழம்பு வேண்டாம்.

மார்கழி: மிச்சம் பார்ப்பது

பச்சைத் துவரை, அவரை, மொச்சை என்று செடியிலிருந்தே சமையல் நடக்கிற மாதம் இது. நெல்லிக்காயையும் நாரத்தையையும் உப்பில் போடுவதைத் தவிரக் களத்தில் பெரிய வேலை இல்லை. ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாப் பானையையும் இறக்கி, தராசில் நிறுத்து, மிச்சத்தைக் கிடங்குச் சுவரில் கரியால் எழுதுகிறோம். போன வருட எழுத்தின் மேலேயே வெள்ளை அடிக்காமல் பக்கத்தில் எழுதுவதால் நாலைந்து வருடக் கணக்கு வரிசையாக நிற்கிறது.

இந்த மார்கழியில் புளி 3 கிலோ மிச்சம், அதனால் வருகிற மாசியில் 9 கிலோ தட்டினால் போதும். மிளகாய் ஐப்பசியிலேயே தீர்ந்துவிட்டது, அடுத்த நடவில் இன்னும் ஒரு பாத்தி சேர்க்கவேண்டும். பருப்பு டின்னில் 2 கிலோ இருக்கிறது. வெளியே துவரை நெற்று பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. செம்மண் சலிக்கிற சல்லடையில் ஒரு பக்கம் கம்பி விட்டிருப்பதால், தை பிறப்பதற்குள் அதைக் கட்டிவைக்க வேண்டும்.